கறுத்துப்போன படம்

அந்தத் தெருவுக்கு அவள் ஜெராக்ஸ் அக்கா. சொந்தப் பேர் அவளுக்கே எப்போதாவதுதான் ஞாபகம் வரும். பதினெட்டு வருஷமாகத் தன் ஜெராக்ஸ் கடையில் மூன்று பிரிண்டர்களோடு குடித்தனம். டாட் மேட்ரிக்ஸ் ஒரு வாயாடி. ரிப்பனை ஊசிகளால் குத்திக் குத்தி எழுத்துப் போடும், பக்கத்துத் தையல் கடைவரை கேட்கும். இங்க்ஜெட் மையைப் பொடிப்பொடித் துளிகளாகத் தெளிக்கும். நாலு நாள் வேலை கொடுக்காவிட்டால் மூக்கடைத்துக்கொள்ளும். லேசரோ உருளைமேல் ஒளியால் எழுதி, அங்கே ஒட்டிய பொடியைத் தாளில் போட்டு, சூட்டில் உருக்கிப் பதித்துவிடும். எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்தத் தெம்புதான் அவளைக் கவிழ்த்தது.

தங்கைக்கு நாலாம் மாசத்தில் குழந்தை தங்கவில்லை. மிச்சம், உள்ளங்கை அகலத்தில் ஒரு ஸ்கேன் படம். ஒரு மூலை மடங்கியிருந்தது.

"அக்கா, இத எப்படியாவது பத்திரப்படுத்திக் குடு. வேற ஒண்ணும் இல்ல எங்கிட்ட."

வருகிறவர்களிடமெல்லாம், லேமினேஷனுக்கு முன்னால் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பாட்டாகப் படிப்பவள், அன்று எடுக்கவில்லை. தங்கையின் குழந்தையைக் கண்ணாடிமேல் கவிழ்த்துப் போட மனசு வரவில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, சூட்டில் ஒட்டும் லேமினேஷன் மெஷினில் விட்டாள். அந்தப் பக்கம் ஒரு கறுப்பு அட்டை வந்தது.

திருப்பிப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்தாள். ஒன்றும் தெரியவில்லை. லேமினேஷன் உருளையில் கரியா? வெற்றுத் தாளை விட்டாள், பளிச்சென்று வந்தது. லேசரில் சுடச்சுட வரும் தாளுக்கு ஒன்றும் ஆவதில்லையே, இதற்கு மட்டும் என்ன கேடு? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

"உங்க பில் போடுற குட்டி மெஷினுக்கு என்னிக்காவது மை வாங்கியிருக்கீங்களாக்கா?" என்றார் அவர்.

அதை வாங்கி எட்டு வருஷம். தாள் சுருள் வாங்கியிருக்கிறாள். மை?

"இல்லையே..."

"அதுல மையே கிடையாதுக்கா. சூடு பட்ட இடத்துல தாளே கறுக்கும், அதான் எழுத்து. ஸ்கேன் படமும் அந்த ஜாதிதான். நீங்க முழுசுக்கும் சூடு குடுத்துட்டீங்க."

தினம் நூறு தடவை கிழித்துக் கொடுத்த சீட்டு. ஒரு நாளாவது யோசித்தாளா? ஸ்கேன் எடுத்த இடத்தில் விசாரித்தாள்; பழையதையெல்லாம் அழித்தாயிற்று என்றார்கள்.

சாயங்காலம் தங்கை வந்தாள். மெஷின் கெட்டுப்போச்சு என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்து நின்றது. விழுங்கினாள்.

"நான்தான்டி கெடுத்தேன். தெரியாம சூட்டுல விட்டுட்டேன்."

தங்கை அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. அக்காவுக்கு எது மேல், எது கீழ் என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. தங்கை விரலால் விளிம்பைத் தடவி, மடங்கிய மூலையைக் கண்டுபிடித்து, அட்டையைத் தலைகீழாகத் திருப்பினாள்.

"மூலை இங்க இருந்தா, தலை இங்க," என்று அக்காவின் விரலைப் பிடித்து அந்தக் கறுப்பில் ஓரிடத்தில் வைத்தாள். "கால் இங்க. நீ சரியாவே பாக்கலையாக்கா?"