வாக்குச்சீட்டு வாசித்த லெயோன்ஸ்

லெயோன்ஸ் பிராதெல் எங்கள் ஊரில் கூரை வேலை செய்பவர். ஈரக் கற்பலகைக் கூரையிலும் பூனை மாதிரி நடப்பார். அவருக்கு வாசிக்கத் தெரியாது என்பது, அவருக்கு ஐம்பத்தோரு வயதாகும் வரை மனைவி ஓதீல் ஒருத்திக்கு மட்டுமே தெரியும். பதினெட்டு வருடம் அவருக்குத் தபால் கொடுத்த எனக்கே தெரியாது. வேலை செய்யும் இடத்தில் கடிதத்தை நீட்டினால், "கண்ணாடி எடுத்துட்டு வரல, நீயே பாத்துச் சொல்லேன்" என்பார். சொல்லிவிடுவேன்.

பள்ளியில், வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதும் பாடத்தில் ஐந்து வரிக்கு நாற்பது பிழை விட்டாராம். நோட்டை அவர் சட்டை முதுகில் ஊக்கால் குத்தி, முற்றத்தைச் சுற்றி நடக்க விட்டார்களாம். எங்கள் நாட்டில் குடித்துவிட்டு விழுந்து கிடப்பவனைக்கூட மன்னிப்பார்கள். எழுத்துப்பிழை விடுபவனை மன்னிக்க மாட்டார்கள். அன்றோடு எழுத்தை விட்டவர், அதை மறைப்பதிலேயே காலத்தைக் கழித்தார்.

தொண்ணூற்றிரண்டு மார்ச்சில் மாவட்ட மன்றத் தேர்தலின் இரண்டாம் சுற்று. போட்டியில் மோந்தர்னால், ரூ என்று இரண்டே பேர்; ஒவ்வொரு வாக்குச்சீட்டிலும் அவர்களில் ஒருவர் பெயர் மட்டும் அச்சாகியிருக்கும். ஆறு மணிக்குப் பெட்டியை மூடினார்கள். எண்ணுவதற்கு ஆள் குறைந்தது. முடிவு கேட்க வந்து நின்ற லெயோன்ஸை மேயர் பெஸ்ஸியேர் பார்த்துவிட்டார்.

"வாப்பா, உனக்குத்தான் நல்ல குரல். சீட்டை நீ வாசி."

"கண்ணாடி இல்லையே மேயரே."

"என்னோடத போட்டுக்கோ. நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே வயசுதானே!"

எல்லாரும் சிரித்தார்கள். சுவரோரம் நின்ற ஓதீலின் முகம் வெளுத்தது. லெயோன்ஸ் உட்கார்ந்தார். வாசிக்க வாசிக்கக் கோடு போட வேண்டியது நான். அவர் கழுத்தில் வியர்வை வழிவது எனக்குத் தெரிந்தது. புழுக்கம் என்று நினைத்தேன்.

"மோந்தர்னால்... ரூ... ரூ... மோந்தர்னால்..."

நூற்றுப் பன்னிரண்டு சீட்டு ஓடியது. அடுத்த சீட்டில் பெயருக்குக் கீழே யாரோ பேனாவால் கிறுக்கியிருந்தார்கள். லெயோன்ஸ் வாசிப்பதை நிறுத்தினார்.

கசாப்புக்கடை கரிகூ பின்னாலிருந்து கத்தினார்: "என்னய்யா, கூரை மேல ஏறினாத்தான் உனக்குக் கண்ணு தெரியுமா?"

லெயோன்ஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எனக்குப் படிக்கத் தெரியாது" என்றார்.

மேயர் குனிந்து கேட்டார்: "அப்ப இவ்வளவு நேரம் எப்படிய்யா வாசிச்ச?"

"நீளமா இருந்தா மோந்தர்னால். குட்டையா இருந்தா ரூ."

மோந்தர்னாலின் ஆள் துள்ளி எழுந்தார். "இது செல்லாது! முதல்லேர்ந்து எண்ணுங்க!"

எண்ணினோம். மேயரே வாசித்தார். அந்த முக்கால் மணி நேரமும் லெயோன்ஸ் இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு தரையையே பார்த்திருந்தார். ஓதீல் பின்னால் வந்து அவர் தோளைத் தொட்டாள். "வீட்டுக்குப் போயிடலாங்க." அவர் அசையவில்லை. ஒன்று தவறியிருந்தாலும் ஊர் அவரை என்ன சொல்லும் என்று நினைத்தபோது, எனக்கே கோடு கோணலாக விழுந்தது.

லெயோன்ஸ் வாசித்த நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூடத் தவறவில்லை. கிறுக்கிய சீட்டில் "முதல்ல பாலத்தக் கட்டுங்க" என்றிருந்தது. அது செல்லாத கணக்கில் போனது. ரூ ஒன்பது வாக்கில் முந்தியிருந்தார். யாரும் கைதட்டவில்லை. கரிகூ மட்டும் வாசலில் வழிமறித்து, "தெரியாமச் சொல்லிட்டேன்பா, மனசுல வெச்சுக்காத" என்றார். லெயோன்ஸ் தலையாட்டிவிட்டு நடந்தார்.

செப்டம்பரில் பக்கத்து நகரத்து நூலகத்தில், பெரியவர்களுக்கான செவ்வாய்க்கிழமை வகுப்பில் சேர்ந்தார். இரண்டு முறை பாதியில் நிறுத்தினார், இரண்டு முறையும் திரும்பப் போனார். மூன்றாம் குளிர்காலத்தில் செய்தித்தாளின் தலைப்புகளை மெதுவாக வாசிக்கத் தொடங்கினார். ஆனாலும் எழுதச் சொன்னால் இன்றும் அவர் கை குளிர்ந்துபோகிறதாம். மறுநாள் வகுப்பை நினைத்து, திங்கட்கிழமைகளில் அவருக்குச் சாப்பாடு இறங்குவதில்லை என்கிறாள் ஓதீல்.