கழிச்சு விட்டுரலாம்

ஸ்காட்லாந்துக் கால்பந்து லீக்கில் எங்கள் டீம் இப்போது ஏழாவது இடத்தில் இருக்கிறது. எங்கள் டீம் என்று சொல்ல எனக்கு இருப்பது ஒரே உரிமைதான். அந்த மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளி என் மகன் குடியிருக்கிறான். மேற்படிப்புக்குப் போனவன், முடித்ததும் அங்கேயே ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். கோல் விழுந்தால் சமையலறை ஜன்னலில் சத்தம் கேட்கும் என்பான்.

நான் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். விலங்கியல் படித்தவன், பந்தை உதைத்தவன் இல்லை. மகன் போன முதல் வருடம் எங்களுக்குள் பேச்சே நின்றுபோகும்போல இருந்தது. சாப்பிட்டாயா, குளிர் எப்படி என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் போனை அவன் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அந்த டீம்தான் காப்பாற்றியது. சனிக்கிழமை மேட்ச் நடக்கும். ஞாயிறு மதியம் முட்டை பொறுக்கி முடித்ததும் ஷெட்டு வாசலில் நின்றபடியே ஒரு மணி நேரம் பேசுவோம். யாரை வாங்குவது, யாரை அனுப்புவது, புது மேனேஜருக்கு அறிவு இருக்கிறதா என்று, ஏதோ எங்களைக் கேட்டுத்தான் அங்கே முடிவெடுப்பார்கள் என்பதுபோல.

பேச்சு முழுக்கக் கோழி பாஷையில்தான் இருக்கும். சின்ன வயது ஆட்டக்காரர்கள் குஞ்சுகள். அடிபட்டு உட்கார்ந்தவன் சீக்குக்கோழி. முட்டை குறைந்துபோன கோழிகளை லாரியில் மொத்தமாக ஏற்றி அனுப்புவதைக் கழிப்பது என்போம். சீசன் முடிந்ததும் கிளப் அனுப்பிவிடுகிற ஆட்டக்காரர்களுக்கும் அதே சொல்தான்.

"இந்த வருசம் ஆறு பேரைக் கழிக்கறாங்களாமுங்கப்பா."

"புதுக் குஞ்சு எறக்கறாங்களா?"

"ரெண்டு. ஒண்ணு டென்மார்க் குஞ்சு."

"தீவனத்துக்கே கட்டாது போ."

பக்கத்துப் பண்ணைக்காரர் எனக்குப் பங்காளி. போன் ஸ்பீக்கர் சத்தம் கேட்டாலே வந்துவிடுவார்.

"ஏனுங்க பங்காளி, நானும் ரெண்டு வருசமாப் பாக்கறேன். உங்க டீமு மேலயும் போவ மாட்டீங்குது, கீழயும் உழுவ மாட்டீங்குது."

அங்கே பன்னிரண்டு டீம். பெரிய டீம் இரண்டு, கப்பு பெரும்பாலும் அவர்களுக்குள்தான். சீசன் முடியும் தறுவாயில் மேல் ஆறு, கீழ் ஆறு என்று பிரித்துவிடுவார்கள். ஆறாவதா ஏழாவதா என்பதுதான் எங்களுக்கு வருடம் முழுக்கக் கவலை. அதைச் சொன்னேன்.

"ஆறாவது வந்தா என்ன குடுப்பாங்க?" என்றார்.

போனுக்குள்ளிருந்து மகன் சொன்னான். "ஒண்ணும் குடுக்க மாட்டாங்க பெரியப்பா. ஏழாவது வரலீன்னு சந்தோசப்பட்டுக்கலாம்."

பங்காளி அன்றைக்கு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் டீமில் நடுக்களத்தில் ஆடுகிற ஒருவனுக்கு ஒப்பந்தம் முடியப்போகிற நேரம். வந்து மூன்று வருடம், பாதி நாள் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். மகன் கேட்டான்.

"அப்பா, அவனை வெச்சுக்கலாமுங்களா, உட்டறலாமுங்களா? நீங்க என்ன சொல்றீங்க?"

"இதுல என்ன சாமி யோசனை? கழிச்சு விட்டுரலாம். மூணு வருசம் தீவனம் போட்டாச்சு, முட்டையக் காணோம்."

"அவனுக்குச் சரியா சான்ஸ் குடுக்கலீங்கப்பா."

"ஆவாதவன் எல்லாம் அப்படித்தான் சொல்லுவான். வெக்கமில்லாம ஒக்காந்துட்டு இருக்கறான் பாரு."

பங்காளி சிரித்தார். அவர் சிரித்ததால் எனக்கும் உற்சாகம் வந்து இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னேன். அவற்றை இங்கே எழுத விருப்பமில்லை.

"சரிங்கப்பா" என்றான் மகன்.

அடுத்த ஞாயிறு அவன் கூப்பிடவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. மூன்றாவது வாரம், வேலை அதிகம் என்று ஒரு வரி அனுப்பினான். சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போது, பெற்றவனோடு பேச நேரமில்லாத அப்படி என்ன வேலை என்று கத்தினேன். பின்னால் நின்றிருந்த மனைவி சொன்னாள்.

"வேலை போயி நாலு மாசமாச்சுங்க."

திரும்பாமலே, உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"எனக்கே போன மாசந்தான் தெரியும். அப்பாகிட்ட நானே சொல்றேன்னான். அன்னைக்குச் சொல்லோணும்னுதான் அந்தப் பேச்சையே எடுத்தானாமா. நீங்க கழிச்சு உடுன்னுட்டீங்களாமா."

குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அவள்தான் வந்து மூடினாள்.

ஒரு கிடங்கில் பார்சல் பிரிக்கிறானாம். தை மாதத்தோடு விசா முடிகிறது. அதற்குள் ஏதாவது கம்பெனி எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். எழுதிப் போடாத இடம் இல்லையாம். நான் அந்த ஆட்டக்காரனைப் பற்றித்தானே சொன்னேன் என்று மனைவியிடம் பல தடவை சொல்லிவிட்டேன். யாரைப் பற்றிச் சொன்னால் என்ன, தோற்றவனைப் பற்றி அப்பா என்ன நினைப்பார் என்பதை அவன் காதாலேயே கேட்டுவிட்டான்.

சீசன் முடிந்து பட்டியல் வந்தது. அந்த ஆட்டக்காரனை அனுப்பிவிட்டார்கள். கிளப்பின் ஃபேஸ்புக் பக்கத்தில் ரசிகர்கள் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாகப் படித்தேன். பெரும்பாலோர் நான் சொன்னதைத்தான் சொல்லியிருந்தார்கள். ஒருவர் மட்டும், அவன் நல்ல பையன், எங்கே போனாலும் நன்றாக இருக்கட்டும் என்று எழுதியிருந்தார். அது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

புது சீசன் தொடங்கிவிட்டது. போன செவ்வாய்க்கிழமை மகன் தன் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டிருந்தான். போனை என் கையில் திணித்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அவன் முகம் இளைத்திருந்தது. வேலை போனதைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினோம். பிறகு தாங்க முடியாமல் சொன்னேன்.

"ஊட்டுக்கு வந்துரு சாமி."

"வந்துங்கப்பா?"

பண்ணை இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அது அவன் காதில் எப்படி விழும் என்று பயந்து நிறுத்திக்கொண்டேன். அவன் திரையில் எங்கோ பக்கவாட்டில் பார்த்தான்.

"மேட்ச் ஆரம்பிக்கப் போவுதுங்கப்பா. வெச்சர்றேன்."

அந்த வாரம் முழுக்க மேட்ச் கிடையாது. அட்டவணை எனக்கு மனப்பாடம் என்று அவனுக்குத் தெரியும்.

"சரி சாமி, பாரு" என்றேன்.