மணியம் அண்ணனின் அம்பிஷன்

போன வாரம் என் கார் டயரில் காற்று இறங்கிக்கொண்டே இருந்தது. ஆணி ஏதோ ஏறியிருக்க வேண்டும். காலையில் காற்றடித்தால் சாயங்காலத்துக்குள் தொய்ந்துவிடும்.

எங்கள் வீடு மலாக்கா மாநிலத்தில், புலாவ் செபாங்கில். டவுனுக்குள் நுழைந்ததுமே, ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், மணியம் அண்ணனின் டயர் கடை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அங்கேதான் எல்லா டயரும் மாற்றுகிறோம். ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? தொய்ந்த டயரோடு அந்தக் கடையைக் கடந்து, அலோர் காஜா வரைக்கும் காரை மெதுவாக உருட்டிக்கொண்டு போனேன். முன்பின் தெரியாத ஒரு சீனர் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டு திரும்பினேன்.

என் கணவர் கேட்டார்.

"ஏன், மணியம் கட மூடியா இருந்துச்சு?"

"இல்ல."

"பின்ன?"

"சும்மாதான்... அந்தப் பக்கம் ஒரு வேல இருந்துச்சு."

அலோர் காஜாவில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. மணியம் அண்ணன் முகத்தில் விழிக்க வெட்கம் — அவ்வளவுதான் விஷயம். ஏன் வெட்கம் என்பதை உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன். உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

மணியம் அண்ணனுக்கு டயர் கடை மட்டுமல்ல, ஒரு காற்பந்துக் குழுவும் உண்டு. மாநிலத்துச் சின்ன லீக்கில், கீழ் டிவிஷனில் ஆடுகிற குழு. ஜெர்சி, வேன், திடல் வாடகை எல்லாம் அவருடையது. அந்தக் குழுவுக்கு நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் 'டயர் டீம்' என்றுதான் சொல்வார்கள். ஆடுகிறவர்கள் எல்லாம் நம் ஆட்கள். செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்பவர், செக்யூரிட்டி கார்டு, பார்சல் டெலிவரி செய்பவர். கோல் கீப்பர் சேகர் பள்ளி பஸ் ஓட்டுகிறார். கொஞ்சம் தொப்பை. பந்தைப் பிடிப்பார்... சில நேரம். ஆட்டத்துக்கு முன்னால் வந்து, கோல் கம்பத்தில் வலை கட்டுவதும் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துத் திடலில் ஆட்டம். அண்ணன் கடையைச் சாத்திவிட்டு வருவார். திடலின் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி புஷ்பா அக்கா, பிளாஸ்க்கில் காப்பியோடு. ஜெயித்தாலும் அண்ணன் கத்த மாட்டார், தோற்றாலும் திட்ட மாட்டார். ஆட்டம் முடிந்ததும் எல்லார் முதுகிலும் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவார்.

இதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை.

'எங்களுக்கு' என்றால் ரசிகர்களுக்கு. சனிக்கிழமை மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, தே தாரேக் டீயை உறிஞ்சிக்கொண்டு, பெரிய திரையில் இங்கிலாந்து ஆட்டம் பார்க்கிற கூட்டம் நாங்கள். அங்கே எண்ணெய்க் கிணறு வைத்திருப்பவரெல்லாம் கிளப் முதலாளி. ஒரு சீசன் ஆள் வாங்காவிட்டால் போதும், நாங்கள் இங்கிருந்தே தீர்ப்புச் சொல்லிவிடுவோம். "அந்த ஓனருக்கு அம்பிஷன் இல்லலா." சனிக்கிழமை அப்படிப் பேசிய அதே வாயோடுதான் ஞாயிற்றுக்கிழமை திடலுக்கு வருவோம். எண்ணெய்க் கிணற்றுக்காரரிடம் எதிர்பார்த்ததை டயர் கடைக்காரரிடமும் எதிர்பார்ப்போம். இதில் ஏதோ இடிக்கிறதே என்று எங்களில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா?

ரசிகர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் அதிகம் குதித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அடியேன்தான். "அண்ணன் நல்ல மனுஷன். ஆனா அம்பிஷன் பத்தாது" என்று எழுதியது நான். கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. கட்டைவிரல் வந்தால் மனுஷிக்குப் புத்தி எங்கே நிற்கும்?

அதற்கப்புறம்தான் அந்த விருந்து வந்தது.

சீசன் முடிந்ததும் கோயில் மண்டபத்தில் குழுவுக்கு ஒரு விருந்து வைப்பார்கள். மைக் என் கையில். இந்த வட்டாரத்தில் கோயில், பள்ளி, சங்கம் என்று எந்த விழாவானாலும் அறிவிப்பாளர் நான்தான். நம் விழாக்களில் ஒரு வித்தை உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு பெரிய மனிதரை மேடைக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தி, 'வாரி வழங்கும் வள்ளல்' என்று இரண்டு வார்த்தை அடுக்க வேண்டியது. கூட்டம் கைத்தட்டுகிற நேரம் பார்த்து, 'ஐயா அவர்கள் நம் மண்டபத்துக்கு மின்விசிறி வாங்கித் தர முன்வந்திருக்கிறார்கள்' என்று போட்டுவிட வேண்டியது. ஐயா அப்படி முன்வந்தே இருக்க மாட்டார். ஆனால் தோளில் பொன்னாடையோடு நிற்கிறவர், இத்தனை பேர் கைத்தட்டும்போது இல்லை என்பாரா? அப்படி நான் ஓட விட்ட மின்விசிறிகள் இந்த வட்டாரத்தில் நிறைய. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அன்றைக்கு மணியம் அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினோம். எனக்கு வாய் சும்மா இருக்குமா? மைக்கில் சொன்னேன்...

"நம்ம அண்ணன் நாற்காலி போட்டு வேடிக்கை பார்க்கிறதுக்கா டீம் வைத்திருக்கிறார்? இல்லை. அவருடைய கனவு பெரிது. அடுத்த சீசன் நம் அணி மேல் டிவிஷனுக்கு ஏறும். அதற்காக வெளியூரிலிருந்து பெரிய ஆட்டக்காரர்களைக் கொண்டுவர அண்ணன் முடிவு செய்துவிட்டார்."

மண்டபம் விசிலால் நிறைந்தது. சேகர்கூட எழுந்து நின்று கைத்தட்டினார். அண்ணன் என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், பிறகு மெதுவாகக் கைகூப்பினார். புஷ்பா அக்கா மட்டும் தட்டவில்லை. குனிந்து முந்தானை ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டேன்.

காரில் வரும்போது என் கணவர் கேட்டார்.

"அண்ணங்கிட்ட கேட்டுட்டுதான் சொன்னியா?"

"கேட்டா என்னாங்க சர்ப்ரைஸ்?"

சொல்லிவிட்டு ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

அண்ணன் சொன்னதைச் செய்தார். அவர் எங்கே சொன்னார்... நான் சொன்னதைச் செய்தார். கோலாலம்பூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள், ஜொகூரிலிருந்து வந்தார்கள். புதுப் பயிற்சியாளர் வந்தார். செம்பனை ஆலைக்காரர் பெஞ்சுக்குப் போனார், பிறகு டெலிவரிக்காரர் போனார். கடைசியில் சேகர். குழு வாராவாரம் ஜெயித்தது. பட்டியலில் முதலிடம். வாட்ஸ்ஆப்பில் என்னை 'வாய் ராசி அக்கா' என்றார்கள். நான் தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

கோட்டோரத்து நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

"பாஸ் பெரிய ஓனர் ஆயிட்டாருலா. பெரிய ஓனருங்க எங்க திடலுக்கு வராங்க?" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

சேகர் மட்டும் வாராவாரம் வந்துகொண்டிருந்தார். ஆடுவதற்கு அல்ல, வலை கட்டுவதற்கு. ஒரு ஞாயிறு நான் சீக்கிரம் போயிருந்தேன். சேகர் வலையைக் கட்டி, நாலு பக்கமும் இழுத்துப் பார்த்து, கோலுக்குப் பின்னால் போய்ப் புல்லில் உட்கார்ந்தார். புதுக் கீப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். யார் கட்டிய வலை என்று அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்ததும் சேகர் சிரித்தார்.

"இன்னிக்கும் நம்ம ஜெயிச்சுருவோம்க்கா."

அவர் 'நம்ம' என்றது எனக்கு எங்கோ சுருக்கென்றது. "கண்டிப்பா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு கிளம்ப நேரமாகிவிட்டது. டவுனைத் தாண்டும்போது பார்த்தால், மணியம் அண்ணன் கடை திறந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடை திறந்து நான் பார்த்ததே இல்லை. ஒரு செம்பனை லாரி ஜாக்கியில் நிற்கிறது. அண்ணன் தரையில் குந்தியிருக்கிறார், சட்டையெல்லாம் கறுப்பு. வேலையாட்கள் யாரும் இல்லை. நான் வேகத்தைக் குறைத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்துக் கையைத் தூக்கினார்.

நான் என்ன செய்தேன்? ஹார்ன் அடித்துக் கையாட்டிவிட்டுப் போய்விட்டேன். ஆட்டம் ஆரம்பித்துவிடுமே.

முன்னதாகவே திடலுக்கு வந்திருந்த என் கணவரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"உனக்குத் தெரியாதா? வெளியூர் ஆளுங்களுக்கு மாசாமாசம் குடுக்கணும்ல. ஞாயித்துக்கெழமையும் தொறந்தாதான் கட்டுப்படியாகுமாம். புஷ்பா அக்கா எப்பவோ சொன்னாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கிட்ட சொன்னா மைக்ல சொல்லிடுவியே."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. சொந்தக் குழு ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் ஆடுகிறது. அதற்குச் சோறு போட, முதலாளி அந்தப் பக்கம் லாரிச் சக்கரம் கழற்றுகிறார். அவரை அங்கே உட்கார வைத்தது யார்? பொன்னாடை போர்த்திய இந்தக் கைதான். அன்றைக்கும் ஜெயித்தோம். என்னால் கைத்தட்ட முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தப் பஞ்சர், அந்த அலோர் காஜா பயணம். நான் உளறிய காரணத்தை என் கணவர் நம்பவில்லை என்று சொல்லவும் வேண்டுமா? ராத்திரி சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டே கேட்டார். "டயருக்கு அலோர் காஜா போன. மன்னிப்புக்கு எங்க போவ?"

இந்த ஞாயிறு போனேன். திடலுக்கு அல்ல, கடைக்கு. ஆட்டம் நடக்கிற நேரம். புஷ்பா அக்கா கல்லாவில் இருந்தார். அண்ணன் ஒரு லாரி டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னா தங்கச்சி, மேட்ச் பாக்கப் போவலியா?"

"இல்லண்ணே. உங்களப் பாக்கத்தான் வந்தேன்."

வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. விழாக்களில் மூச்சு விடாமல் பேசுகிறவள், ஒரு டயர் கடை வாசலில் நின்று திக்கினேன்.

"அன்னிக்கு மைக்ல... உங்களக் கேக்காம நானா பேசிட்டேண்ணே. பெரிய தப்பு. நீங்க அங்கயே இல்லன்னு சொல்லியிருக்கலாம்லண்ணே."

அண்ணன் கையைத் துணியில் துடைத்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எப்படிம்மா சொல்றது? அத்தன பேரு கைத்தட்டறாங்க. சேகரு எந்திரிச்சு நின்னு தட்டுறான். அப்புறம் அவன பெஞ்சுல உக்கார வெக்கணும்னு கோச்சு சொன்னப்ப, அவனே வந்து, நான் உக்காந்துக்கறேண்ணே, டீம் ஏறட்டும்னான். அதத்தான் என்னால தாங்க முடியல."

துணியை டயர் மேல் போட்டார். பிறகு சொன்னார்.

"எனக்கும் ஆச இருந்துச்சுமா. ஞாயித்துக்கெழம கடைய சாத்திட்டு, நாற்காலி போட்டு, நம்ம பசங்க ஆடுறதப் பாக்கணும். அவ்ளோதான். அது ஆச கணக்குல வராதுன்னு நீ பேசினப்புறம்தான் தெரிஞ்சுச்சு. நாந்தான் ரொம்ப சின்னதா நெனச்சிட்டேன் போலன்னு எனக்கே வெக்கமாப் போச்சு."

அவருக்கு வெட்கமாகப் போயிற்றாம். அவருக்கு. எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. முதலாளிக்கு அம்பிஷன் வேண்டும், அம்பிஷன் வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கத்தினோமே... உங்களுக்கு என்ன ஆசை அண்ணே என்று எங்களில் ஒருவராவது கேட்டோமா?

"அடுத்த விருந்துல நானே மேடையில ஏறி எல்லார்கிட்டயும் உண்மைய சொல்லிடறேண்ணே."

கல்லாவிலிருந்து புஷ்பா அக்கா நிமிர்ந்தார்.

"மேடையெல்லாம் வேணாம்மா. இங்க வந்து சொன்னல்ல, போதும்."

தலையை ஆட்டினேன்.

அப்போது ரயில் பாதைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெரிய சத்தம் வந்தது. அண்ணன் சட்டென்று தலையைத் தூக்கினார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"நம்ம கோலு. நம்ம ஆளுங்க சத்தம் வேற, அவங்க சத்தம் வேற. இங்கேர்ந்தே தெரியும்லா" என்றார். "யாரு அடிச்சான்னு கேட்டு சொல்றியா?"

என் கணவருக்குப் போன் போட்டேன். அவருக்கு அடித்தவன் பெயர் தெரியவில்லை. பதினோராம் நம்பர் என்றார். அண்ணனிடம் சொன்னேன். அவருக்கும் அந்தப் பையனின் பெயர் ஞாபகம் வரவில்லை.

"ஒரு பத்து நிமிஷம் போய்ப் பாத்துட்டு வாங்கண்ணே. நான் இங்க இருக்கேன்."

"லாரிக்காரரு காத்துக்கிட்டு இருக்காரும்மா" என்று அண்ணன் மறுபடி குனிந்தார். "நீ போ. செகண்ட் ஹாஃப் முழுசா இருக்கு."

நான் போகவில்லை. அவர் பார்க்க முடியாத ஆட்டத்தை நான் எந்த முகத்தோடு போய்ப் பார்ப்பது?