புருவத்துக்கு மேல் இருப்பது வடு இல்லை

பள்ளியின் கடைசி வகுப்பான பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்கு அங்க அடையாளம் எழுதும் நாள் வந்தது. ஆளுக்கு இரண்டு அடையாளம் வேண்டும். முதல் நாளே பையன்கள் சட்டையைக் கழற்றி, ஒருவன் முதுகில் இன்னொருவன் மச்சம் தேடினார்கள். ஒன்றுமே கிடைக்காதவனிடம், மையைத் தொட்டு வைத்துக்கொண்டு வந்துவிடு என்றார்கள். நான் எதையும் தேடவில்லை. என் அடையாளம் இடது புருவத்துக்கு மேலே எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. அதை அவர் கையாலேயே எழுத வைக்க வேண்டும் என்று எட்டு மாதமாகக் காத்திருந்தேன்.

அவர் எங்கள் வகுப்பாசிரியர். தமிழும் அவர்தான். எட்டு மாதத்துக்கு முன் ஏதோ பாடத்தின் நடுவே, நம்மூர்ப் பீங்கான் பொம்மை மினுங்குவது வார்னிஷால் என்றார். நானோ பள்ளி விட்டதும் பீங்கான் கொட்டகைகளில் போய் நிற்கிறவன். வாய் சும்மா இருக்குமா? எழுந்து, வார்னிஷ் இல்லை, பொம்மையைக் கரைசலில் முக்கிச் சூளையில் வைப்பார்கள், சூட்டில் அது உருகித்தான் கண்ணாடி மாதிரி ஆகிறது என்றேன். வகுப்பு அவரைப் பார்த்துச் சிரித்தது. மேஜை மேலிருந்த டஸ்டர் பறந்து வந்தது. கட்டையின் விளிம்பு பட்டுப் பெரியாஸ்பத்திரியில் நான்கு தையல். வாத்தியார் கை பட்டால் படிப்பு வரும் என்றார் அப்பா.

அடையாளம் எழுத என் முறை வந்ததும் அவர் என் நெற்றியைப் பார்க்கவே இல்லை. சின்ன வயதில் அம்மை போட்டதில் மூக்கில் ஒரு குழி உண்டு. 'மூக்கின் மேல் அம்மை வடு' என்று எழுதினார். இரண்டாவதுக்குக் கழுத்து, கை, காதுக்குப் பின்புறம் எல்லாம் மச்சம் தேடினார். இல்லை. வேறு வழியில்லாமல் 'இடது புருவத்துக்கு மேல்' என்று ஆரம்பித்து, அங்கேயும் 'வ' போட்டார்.

"தழும்புன்னு எழுதுங்க சார்."

"ரெண்டும் ஒண்ணுதான்டா."

"இல்லீங்க சார். அம்மை போட்டா வடு. அடி பட்டாத்தான் தழும்பு."

அகராதியில் இரண்டும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் அம்மை வடுவைப் பார்த்து யார் செய்தது என்று எங்கள் பக்கம் யாரும் கேட்பதில்லை. அது மாரியாத்தா போட்டுவிட்டுப் போனது. தழும்பைப் பார்த்தால் கேட்பார்கள். எனக்கு அந்தக் கேள்வி வேண்டும். அவருக்கு அது வேண்டாம். எனக்குப் பின்னால் நின்ற வரிசை பேச்சை நிறுத்தியது. அவர் 'வ'வை அடித்துவிட்டுத் 'தழும்பு' என்று எழுதினார்.

கையெழுத்துப் போட வந்த தலைமையாசிரியர், ஒவ்வொரு புத்தகமாக வாசித்து ஆளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"இது எப்படிடா ஆச்சு?"

"சாரையே கேளுங்க சார்."

வகுப்பாசிரியர் அடுத்த புத்தகத்தை எடுத்து நீட்டினார். "விழுந்துட்டான் சார்."

"டஸ்டர் மேல வுழுந்தான் சார்" என்றது பின் வரிசையிலிருந்து ஒரு குரல்.

ஒருவரும் சிரிக்கவில்லை. தலைமையாசிரியர் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டுப் புத்தகத்தை நகர்த்திவிட்டார். வகுப்பாசிரியரின் காது மடல் சிவப்பதை நான் நகராமல் நின்று பார்த்தேன்.

அது போதவில்லை. யாரால் என்று எழுத அந்தப் புத்தகத்தில் இடம் கிடையாது. அதனால் அதை வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்டர்வியூவில், வேப்பூர் பஸ்ஸில், முடிவெட்டும் கடையில், யார் கேட்டாலும் இனிஷியலோடு அவர் பேரைச் சொல்கிறேன். இப்போது எல்லோரும் முடியை நெற்றியில் இறக்கி விடுகிறார்கள். நான் எண்ணெய் தடவி மேலே வாரிக்கொண்டு, காலையில் அவர் பேப்பர் படிக்கும் டீக்கடைக்கு எதிரே சைக்கிளை நிறுத்துகிறேன். அவர் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொள்கிறார். நான் டீ சொல்கிறேன். எனக்கு அவசரமில்லை.