பேச்சு நின்ற வீட்டில் இருந்த நகல்

சுனாமி வந்து ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். அப்போது நாங்கள் போர்ட் பிளேரில், ஹேடோ பக்கம் அரசு ஊழியர் குடியிருப்பில் மாடி வீட்டில் இருந்தோம். கீழ் வீட்டில் ஒரு வங்காளித் தம்பதி. கணவர் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்பவர். அவரை நாங்கள் 'தாதா' என்போம். நம் ஊர் சினிமா தாதா இல்லை, வங்காளத்தில் அது அண்ணன். அவர் மனைவி 'பௌதி', அதாவது அண்ணி. அவர்கள் இருவரும் என்னை ஹிந்தியில் 'பாபி' என்பார்கள், அதுவும் அண்ணிதான். ஆக அந்தப் படிக்கட்டில் எல்லோரும் எல்லோருக்கும் அண்ணி. எங்களுக்குள் பேச்செல்லாம் தீவு ஹிந்தியில்தான் நடக்கும். இங்கே நான் தமிழில் சொல்கிறேன்.

முதலில் என் பிறந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் அப்பா இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர். எனக்கு இரண்டு வயதாக இருக்கும்போது எங்களை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். மண்டபம் முகாமில் 'தாயகம் திரும்பியோர்' என்று ஒரு குடும்ப அட்டை கொடுத்து, குடும்பம் முழுவதையும் நிற்க வைத்து எடுத்த படத்தை அதில் ஒட்டியிருந்தார்கள். அங்கிருந்து அப்பா அந்தமான் வந்து, கடைசியில் லிட்டில் அந்தமானில் ஹட் பே எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். என் தம்பி இங்கே பிறந்தவன். அப்பா சுனாமிக்கு முன்பே காலமாகிவிட்டார். சுனாமி வந்த அன்றைக்கு அம்மாவும் தம்பியும் மேட்டுக்கு ஓடி உயிர் தப்பினார்கள். வீடு போய்விட்டது. வீட்டோடு இருந்த டிரங்குப் பெட்டியும், அதில் இருந்த எல்லாக் காகிதமும் போய்விட்டன.

முகாமில் குடும்பம் பிரிந்தபோது, அதே படம் ஒட்டிய ஒரு பிரதியைச் சித்தப்பாவுக்கும் கொடுத்திருந்தார்கள். அவர் கோத்தகிரியில் இருந்தார். சுனாமிக்கு இரண்டு வருடம் கழித்து நாங்கள் லீவில் மெயின்லேண்ட், அதாவது தமிழ்நாட்டுக்குப் போனபோது, அவரிடம் அந்த அட்டையை வாங்கி, பக்கத்து ஸ்டூடியோவில் ஸ்கேன் செய்தேன். அவர் வீட்டில் இருந்த பழைய போட்டோக்கள் இருபது முப்பதையும் சேர்த்து ஸ்கேன் செய்து, ஒரு சி.டி.யில் போட்டுக்கொண்டு கப்பல் ஏறினேன். பிரிண்ட் போட்டு வைத்திருக்கலாம். கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே, பிரிண்ட் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

சுனாமியில் எல்லாம் போன குடும்பம் என்பதால், அந்தப் படங்கள் வந்த பிறகு எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. இதுவும் போய்விட்டால்? கம்ப்யூட்டரோடு வந்த பேக்கப் புரோகிராமில் எல்லாவற்றையும் சேர்த்து மூன்று சி.டி.க்களில் எழுதினேன். பீரோவில் துணிக்கு நடுவே வைத்தேன். அப்படியும் மனம் ஆறாமல், ஒரு நாள் தாதாவிடம் யோசனை கேட்டேன்.

அவருக்கு இந்த விஷயம் என்றால் உயிர். என்னை உட்கார வைத்து அரை மணி நேரம் விளக்கினார். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடுவது விண்டோஸ். அவர் வீட்டில் லினக்ஸ். கல்கத்தாவில் இருக்கும் அவர் தம்பி வீட்டில் ஆப்பிள். ஆப்பிளில் வெளியே ஒரு ஹார்ட் டிஸ்கைச் சொருகிவிட்டால் மணிக்கொரு தடவை அதுவே நகல் எடுத்துக்கொள்ளுமாம். ஆனால் அந்த டிஸ்கைக் கொண்டுவந்து என் விண்டோஸில் சொருகினால், இது என்னவென்றே புரியாமல் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்குமாம். அவசரத்தில் சரி என்று அழுத்தினால் எல்லாம் காலி. என் பேக்கப் புரோகிராமோ எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடும். அந்தப் புரோகிராம் இருந்தால்தான் மூட்டை அவிழும், மூன்று சி.டி.யில் ஒன்று பழுதானாலும் அவிழாது. இன்டர்நெட்டில் ஏற்றி வைக்கலாம் என்றால், நம் தீவில் சாட்டிலைட் வழியாக ஒரு போட்டோ போய்ச் சேருவதற்குள் விடிந்துவிடும். கடைசியில் அவர் சொன்னது இதுதான்: எந்த கம்ப்யூட்டரிலும் திறக்கிற மாதிரி சாதாரண ஃபோல்டராக ஒரு நகல் இருக்க வேண்டும். அது நம் வீட்டில் இல்லாமல் வேறொரு வீட்டில் இருக்க வேண்டும்.

"உங்களுது எங்க வீட்டுல இருக்கட்டும் பாபி. எங்களுது உங்க வீட்டுல இருக்கட்டும்" என்றார்.

அப்படியே செய்தோம். என் படங்களெல்லாம் அவருடைய கம்ப்யூட்டருக்குப் போயின. அவர்களுடைய ஃபோல்டர் என்னிடம் வந்தது. அதில் பெரும்பாலும் பௌதியின் பாட்டுகள். அவர் நன்றாகப் பாடுவார். துர்கா பூஜைப் பந்தலில் பாடியதையெல்லாம் தாதா பதிவு செய்து வைத்திருந்தார்.

அடுத்த கோடையில் சண்டை வந்தது. ஹேடோவில் கோடைத் தண்ணீர் எப்படி என்று இருந்தவர்களுக்குத் தெரியும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும், அதுவும் முக்கால் மணி நேரம்தான். கீழ் வீட்டில் குழாயைத் திறந்தால் மாடிக்கு ஏறாது. அன்றைக்கு எங்களுக்கு ஒரு குடம்கூட நிறையவில்லை. மறுநாள் பிள்ளைகளுக்குப் பரீட்சை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். பௌதி மூன்றாவது டிரம்மை நிரப்பிக்கொண்டிருந்தார். வாய்க்கு வந்ததைப் பேசினேன். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. படிக்கட்டில் நாலு வீட்டுக்காரர்கள் நின்று கேட்டுக்கொண்டிருக்க, "பிள்ளைகுட்டி இல்லாத வீட்டுக்கு எதுக்கு இத்தனை டிரம்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதற்காக அவர்கள் எத்தனை முறை சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் போய் வந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். பௌதியே ஒரு நாள் என்னிடம் சொல்லியிருந்தார்.

அவர் குழாயை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றோடு இரு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

இரண்டு நாள் கழித்து நான் செய்ததைச் சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கிறது. கம்ப்யூட்டரைத் திறந்ததும் அவர்களுடைய ஃபோல்டர் கண்ணில் பட்டது. அதை அழித்தேன். குப்பைக் கூடைக்குக்கூடப் போகாதபடி ஒரேயடியாக அழித்தேன். கணவர் கேட்டதற்கு, டிஸ்கில் இடம் இல்லை என்று சொன்னேன். இடம் நிறையவே இருந்தது.

பதினான்கு மாதம் போனது. இடையில் சித்தப்பா இறந்தார். அவர் பிள்ளைகள் வீடு மாறியதில் அந்தக் காகிதப் பெட்டி எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு மழைக்காலம் தொடங்கியதும் கரண்டு போய்ப் போய் வந்ததில் எங்கள் கம்ப்யூட்டர் டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போட்டுச் செத்தது. அபர்டீன் பஜாரில் கடைக்காரர் புது டிஸ்க் போட்டுக் கொடுத்தார். பழையதிலிருந்து எதையும் எடுக்க முடியாது, வேண்டுமானால் சென்னைக்கு அனுப்பிப் பார்க்கலாம், உத்தரவாதம் கிடையாது என்றார். நான் அலட்டிக்கொள்ளவில்லை. பீரோவில்தான் மூன்று சி.டி. இருக்கிறதே.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஹட் பேயிலிருந்து கப்பலில் தம்பி வந்து இறங்கினான். அவனுக்கு ஓர் அரசு வேலை கிடைக்கும் நிலையில் இருந்தது. வயது வரம்புக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. எல்லாம் முடிந்து சரிபார்ப்பில் நின்றது. அப்பா இந்தத் தீவுக்கு எப்படி வந்தார் என்பதற்கு ஆதாரம் கேட்டிருந்தார்கள். பத்து நாள் அவகாசத்தில் ஐந்து நாள் கப்பலுக்குக் காத்திருந்ததிலேயே போய்விட்டது.

"அந்த முகாம் அட்டை நம்பர் தெரிஞ்சாலே போதும்னு கிளார்க் பாபு சொல்றார்க்கா. பழைய ரிஜிஸ்டர்ல தேடிப் பார்த்துக்குவாங்களாம். அதுவும் இல்லன்னா ஃபைல் வாபஸ்தான்" என்றான்.

கவலைப்படாதே, அக்கா வைத்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு சி.டி.க்களை எடுத்தேன். முதல் சி.டி.யின் பளபளப்பான பக்கத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. ஈரத் துணியால் துடைத்தேன், போகவில்லை. கம்ப்யூட்டர் அதை ஐந்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே தள்ளியது. மற்ற இரண்டும் திறந்தன. ஆனால் முதல் சி.டி.யைப் போடு என்று கேட்டன. கோத்தகிரியில் எழுதிய சி.டி.யும் பூஞ்சைதான். உப்புக் காற்றிலும் ஈரத்திலும் நாலு வருடம் பீரோவில் கிடந்தால் வேறென்ன ஆகும்? இடையில் ஒரு தடவையாவது போட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தம்பி சி.டி.க்களை ஒவ்வொன்றாக உறையில் போட்டு என்னிடம் நீட்டினான். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஏதாவது சொல்லித் திட்டியிருக்கலாம்.

கீழ் வீட்டு நினைவு எனக்கு வராமல் இல்லை. அவர்கள் மட்டும் வைத்திருப்பார்களா என்ன? நான் அழித்தவள். அவர்களுக்கோ அழிப்பதற்கு என்னைவிட ஆயிரம் மடங்கு நியாயம் இருந்தது. கணவரைப் போய்க் கேட்கச் சொன்னேன்.

"பேசினது நீ. நீதான் போகணும்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் நாற்காலியை விட்டு அசையவும் இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்கு இறங்கினேன். பன்னிரண்டு படிதான். பாதியில் இரண்டு தடவை நின்றேன். கதவைத் திறந்தது பௌதி. ஒதுங்கி நின்று வழிவிட்டார். தாதா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே தம்பியின் வேலையைப் பற்றி, சி.டி.யைப் பற்றி எல்லாம் சொல்லி முடித்தேன். இருக்கிறதா என்று நான் கேட்பதற்குள் அவரே எழுந்து கம்ப்யூட்டரைப் போட்டார்.

திரையில் வரிசையாக ஃபோல்டர்கள் வந்தன. அவற்றில் ஒன்றின் பெயர் ஆங்கில எழுத்தில் 'ஊப்பர்வாலி பாபி'. மாடி வீட்டு அண்ணி. அதைத் திறந்தார். என் கல்யாண போட்டோ, சித்தப்பா, அம்மா, பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாக வந்தது. கடைசியில் அந்த அட்டை. பெரிதாக்கிக் காட்டினார். மேல் மூலையில் மை கொஞ்சம் பரவியிருந்தாலும் நம்பர் முழுதாகத் தெரிந்தது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

என் பென் டிரைவை வாங்கிச் சொருகியவர் சிரித்தார். அதில் வைரஸ் நிரம்பிக் கிடந்ததாம், அவருடைய லினக்ஸை அது ஒன்றும் செய்யாதாம். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு என் படங்களை அதில் போட்டார். போடும்போது, ஆறு மாதத்துக்கு முன்பு கம்ப்யூட்டரைப் புதிதாக்கியபோது இந்த ஃபோல்டரை மாற்றி வைக்கப் பாதி நாள் ஆனது என்று சாதாரணமாகச் சொன்னார்.

ஆறு மாதத்துக்கு முன்பு என்றால், நாங்கள் பேசாமல் இருந்த காலம். படிக்கட்டில் எதிரே வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொண்ட காலம்.

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. "தாதா, உங்க ஃபோல்டர் என்கிட்ட இல்ல. டிஸ்க் கெட்டதுல போகல. சண்டை போட்ட ரெண்டாம் நாளே நானே அழிச்சிட்டேன்" என்றேன். பௌதியைப் பார்த்து, "உங்க பாட்டையெல்லாம்" என்றேன்.

தாதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடையது எதுவும் தொலையவில்லை, கல்கத்தாவில் தம்பி வீட்டிலும் ஒரு நகல் இருக்கிறது என்றார். என்னைத் தேற்றத்தான் சொன்னார்.

பௌதிதான் பேசினார். "நானும் ஒரு நாள் இவரை அழிக்கச் சொன்னேன். என் முன்னாடியே அழிங்கன்னு பக்கத்துல உட்கார்ந்தேன். திறந்தா அந்த கார்டு படம் வந்துச்சு. அதுல அம்மா இடுப்புல ஒரு குழந்தை அழுதுகிட்டு இருக்கு. குழந்தையை எப்படி அழிக்கிறது? விடுங்கன்னு சொல்லிட்டு எழுந்துட்டேன்."

அந்தப் படத்தில் குழந்தை ஒன்றுதான். தம்பி அப்போது பிறக்கவில்லை.

"பௌதி, அந்தக் குழந்தை நான்தான்" என்றேன்.

அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. எழுந்து வந்து திரையில் இருந்த முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த என்னைப் பார்த்தார். "அப்பவும் இதே மூஞ்சிதானா?" என்றார். தாதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பௌதியும் சிரித்தார். அழுதுகொண்டே நானும் சிரித்தேன். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்குப் படிக்கட்டில் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. ரொம்ப நாள் வலித்தது என்றுதான் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை காலை தம்பி பிரிண்ட் எடுத்துக்கொண்டு அலுவலகம் போனான். பழைய ரிஜிஸ்டரில் தேட இரண்டு நாள் ஆனது. அப்பா பெயர், அம்மா பெயர், வயது இரண்டு என்று என் பெயர், எல்லாம் அதில் இருந்தன. கடைசி நாளுக்கு முந்தின நாள் அவன் ஃபைல் நகர்ந்தது. செய்தி சொல்ல அவன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, முதலில் கீழ் வீட்டுக் கதவைத்தான் தட்டினான். அந்த ராத்திரி நான் தூங்கின தூக்கம், சுனாமிக்குப் பிறகு தூங்காத தூக்கம்.

அந்த வாரமே பௌதியின் பாட்டுகளை மறுபடி வாங்கி என் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டேன். இந்த முறை கேட்கவும் செய்தேன். இப்போது நாங்கள் போர்ட் பிளேரிலேயே லம்பா லைனில் இருக்கிறோம். தாதா ஓய்வு பெற்று அவர்கள் வடக்கே டிக்லிபூர் பக்கம் போய்விட்டார்கள். வருடத்துக்கு ஒரு முறை ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகும்போது டிஸ்கையும் கையோடு கொண்டுபோகிறோம். எழுதிய நகல் திறக்கிறதா என்று அங்கேயே திறந்தும் பார்த்துவிடுகிறோம். அந்த வீட்டில் பதினான்கு மாதம் யாரும் என்னோடு பேசவில்லை. ஆனால் என் அப்பாவும் அம்மாவும் நானும் அங்கேதான் பத்திரமாக இருந்தோம் என்பதை நினைத்துக்கொண்டால், யார் மேலாவது கோபம் தலைக்கேறும் நேரத்தில் என் கை கொஞ்சம் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தை எனக்குக் கொடுத்தவர் பௌதிதான்.