படம் மாட்ட ஒரு சுவர்

போன வாரம் சாந்தோம் பக்கம் போனபோது ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புத் தூள் மூக்கில் ஏறி ஒரு தும்மல். தும்மலோடு சாரும் நினைவுக்கு வந்துவிட்டார். அது சாரின் வீடு.

சார் என்றால் ஆர்க்கிடெக்ட், என் முதல் முதலாளி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் அவர் ஆபீசில் நான் பிளான் வரைந்துகொண்டிருந்தேன். எனக்கு நேர்கோடு ஒழுங்காக வராது. அவருக்கோ நேர்கோடே பிடிக்காது. அதனால் வேலை நிலைத்தது.

யுத்தம் முடிந்து சிமெண்டு கண்ணில் படத் தொடங்கியதும் தனக்கென்று இந்த வீட்டைக் கட்டினார். கூடத்தில் மூலையே கிடையாது. சுவர் வளைந்துகொண்டே போகும். கிழக்குப் பக்கம் மட்டும் தட்டை. அதையும் ஒரு பெரிய ஜன்னல் விழுங்கியிருந்தது, ஜன்னல் நிறையக் கடல். பூச்சு காயும் முன்பே அங்கே ஈஸிசேர் போட்டுவிட்டார். மாலையானால் அதில்தான் இருப்பார்.

புது வீட்டை மந்திரிக்க, அதாவது ஜெபித்து ஆசீர்வதிக்க, மாதா கோயில் பங்குச் சாமியார் வருவதாக இருந்தது. அன்று இயேசுவின் திருஇருதயப் படத்தைக் கூடத்தில் மாட்டி ஜெபம் செய்த பிறகுதான் குடிபுகுவார்கள். முந்தின நாள், நாங்கள் அம்மா என்று கூப்பிடும் சாரின் மனைவி, தாய்வீட்டிலிருந்து வந்த பெரிய படத்தோடு வந்து இறங்கினார். நான்தான் ஆணி அடித்தேன். வளைந்த சுவரில் படம் பதியவில்லை. கடல் காற்றில் தடக் தடக்கென்று ஆடியது. இடம் மாற்றி அடித்தேன். அங்கும் அதே கதை.

"ஆண்டவர் ஆடிக்கிட்டிருக்கிற வீட்டுக்கு நான் வர மாட்டேங்க. ஊருக்கெல்லாம் கட்டித் தர்றீங்க, நமக்குப் படம் மாட்ட ஒரு சுவர் வேணும்னு தோணலையா?" என்றார் அம்மா, சாரிடம்.

வீடு கட்ட வருபவர்களிடம் முதலில் 'சாமி எங்கே இருக்கணும்?' என்று கேட்கிற மனிதர், தன் வீட்டில் கேட்க மறந்துவிட்டார். அம்மா படத்தைத் தூக்கிக்கொண்டு ரிக்‌ஷா ஏறிவிட்டார். சார் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்தார். பிறகு மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

"ஜன்னலை அடைச்சுடுப்பா."

"இன்னா சார், சமுத்திரத்தையே மறைக்கச் சொல்ற?"

"அவங்க வரணும்பா."

மந்திரிப்பு தள்ளிப்போயிற்று. அடைத்த சுவரில் படம் ஆடாமல் நின்றது. அம்மா முழந்தாளிட்டு ஜெபமாலை சொன்னார்; சாரும் பக்கத்தில். ஈஸிசேர் இடம் மாறவில்லை. மாலையில் அவர் அதே சுவரைப் பார்த்து நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

இருவரும் கல்லறைக்குப் போய் வெகு காலமாகிறது. போன வாரம் வளைவுச் சுவர்களெல்லாம் விழுந்து, அந்தத் தட்டைச் சுவர் மட்டும் நின்றது. ஒரு ஆள் சம்மட்டியால் அடித்தான். அடைத்திருந்த செங்கல் பொலபொலவென்று உதிர்ந்து ஜன்னல் திறந்துகொண்டது. ஆவலோடு எட்டிப் பார்த்தேன். எதிரே அடுக்குமாடியின் பின்பக்கம், கொடியில் யாருடைய துணியோ. கடலைக் காணோம்.