விதைநெல்லுக்கு முன்னால் ஏறியவள்

அணை திறந்து முதல் தண்ணீர் முல்லையாற்றில் வந்து சேர்ந்த நாள் அது. கோடை முழுக்க ஊரார் நடந்தே கடந்த ஆறு, விடிவதற்குள் செம்மண் நிறத்தில் இரு கரையும் தொட்டு ஓடியது. எங்கள் துறையில் பாலம் கிடையாது. பரிசல்தான்.

நான் மதுரையில் பிரசவப் பயிற்சி முடித்து, மார்க்கையன்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றின் மருந்துச்சாலையில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பெட்டியைச் சரிபார்க்காமல் எங்கும் கிளம்பமாட்டேன்: கத்தரிக்கோல், காய்ச்சிய நூல், கட்டுத்துணி, லைசால், போரிக் பொடி, சோப்பு. அன்றும் ஒன்றும் குறையவில்லை.

அக்கரையிலிருந்து ஒருவன் துண்டை வீசிக் கத்தினான். "நர்ஸம்மா! வலி எடுத்திருச்சு, புள்ள வரமாட்டேங்குது!" அவனுக்கு அது முதல் பிள்ளை.

பரிசல் ஓட்டியவள் ஒரு பெண். கணவன் மலைமேல் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன் திரும்பவில்லை. ஊர் கூடிப் பேசி, துறையை அவளுக்கே விட்டிருந்தது. அறுப்பின்போது களத்துக்கு ஒரு கதிர்க்கட்டு கூலி. அவளும் இரண்டு பெண்பிள்ளைகளும் அந்த நெல்லில்தான் ஆண்டை ஓட்டினார்கள்.

ஊர் வழக்கப்படி, முதல் தண்ணீரில் முதலில் அக்கரை போகவேண்டியது மனிதர் அல்ல, ஒரு கூடை விதைநெல். ஊர்க்காரர்களின் வயல்கள் அங்கேதான். கூடை போய்ச் சேர்ந்த பிறகே ஆள் ஏறலாம். அன்று பெரியவர்கள் இன்னும் குளித்துக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"ஏத்தா, பெட்டியத் தூக்கிக்கிட்டு எங்கன வாற? வெதநெல்லு வரல" என்றாள் பரிசல்காரி.

"அக்கா, அங்கன ஒரு உசுரு துடிக்குது. நெல்லு காத்திருக்கும்."

"நெல்லு காத்திருக்கும். ஊர்க்காரவுக காத்திருக்க மாட்டாக. என்னையத் தூக்கி ஆத்துல முக்கிருவாக."

"நான் பேசிக்கிறேன்."

"நீ வேதக்காரி, ஏசுசாமியக் கும்புடுறவ. நீ பேசுனா ரெண்டு முக்கு சேத்து முக்குவாக." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அக்கரையைப் பார்த்தாள். அவன் மறுபடியும் கத்தினான். அவள் சேலையைச் செருகிக்கொண்டு பரிசலைத் தண்ணீரில் தள்ளினாள்.

பரிசல் நேராகப் போகாது. சுற்றிச் சுற்றித்தான் போகும். மலை ஒருமுறை, தென்னை ஒருமுறை, அவள் முகம் ஒருமுறை என்று எல்லாம் என்னைச் சுற்றி வந்தன. பரிசலில் போர்த்திய ஈரத் தோலின் வாடை. அடியில் தண்ணீர் உடம்பைத் தூக்கித் தூக்கி வைத்தது. அங்கே ஒருத்தி வலியில் கிடக்கிறாள் என்பதையே நான் மறந்துபோனேன். கையை வெளியே விட்டு ஆற்றை அளைந்தேன்.

"கைய உள்ள வையி. பூப்பறிக்கவா போற?"

நாங்கள் வீட்டு வாசலை அடைந்தபோதே குழந்தையின் அழுகை கேட்டது. தலை முதலில் வந்த, கனமான ஆண்பிள்ளை. கொடியும் அறுத்தாகிவிட்டது. தகப்பன் வெட்கப்பட்டுக்கொண்டு மாட்டுக்குப் பின்னால் போய் நின்றான். "பெட்டிக்காரவுக வந்துட்டாக, அந்தப் பெட்டியத்தான் தொறந்து காட்டச் சொல்லுங்களேன், பாப்போம்" என்றாள் ஒரு கிழவி. பெண்கள் சிரித்தார்கள். பிள்ளையின் கண்ணைத் துடைத்துவிட்டேன். வேறு வேலை இல்லை.

எப்போது வலி எடுத்தது, பனிக்குடம் உடைந்ததா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கரையில் நின்றே அவனைக் கேட்டிருக்கலாம். இந்தக் கேள்விகளை வரிசை மாறாமல் ஒப்பிக்கத் தெரிந்தவள் நான். ஒன்றையும் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது விதைநெல் கூடையோடு பெரியவர்கள் துறையில் நின்றார்கள்.

"யாரு முதல்ல ஏறுனது?"

"நாந்தான் ஏத்துனேன்" என்றாள் அவள்.

"நான்தான் வற்புறுத்தினேன்" என்றேன்.

"நீங்க உத்தியோகம் பாக்குறவுக. ஒங்களுக்குத் தெரியாது. ஒங்கள ஒண்ணும் சொல்லலம்மா" என்றார் மூத்தவர், மரியாதையாகவே. பிறகு அவள் பக்கம் திரும்பினார். "ஒனக்குத் தெரியும்ல?"

அந்த ஆண்டுக்குத் துறை அவளுடைய கொழுந்தனுக்குப் போனது. அவள் துடுப்பைக் கரையில் சாத்திவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். நான் மறுபடியும் பேசப் போனேன். அவளே என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அடுத்த வாரம் தாயையும் பிள்ளையையும் பார்க்க அக்கரை போகவேண்டியிருந்தது. கொழுந்தன் என் பெட்டியைப் பதவிசாக வாங்கி வைத்தான். கூலியை நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"ஒங்களால வந்த தொறை இது. ஒங்ககிட்டயா வாங்குறது?"

அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பரிசல் சுழன்றது. மலை, தென்னை, அப்புறம் கரையோர வயல். அங்கே நாற்றங்காலில் சேறு மிதித்த கூலிப் பெண்களுக்கு நடுவே அவள் நின்றாள். என்னைக் கண்டதும் நிமிர்ந்து, சேற்றுக் கையை வாயருகே வைத்துக் கூவினாள்.

"ஏத்தா! கைய உள்ள வையி!"

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் கைகள் இரண்டும் மடியில்தான் இருந்தன.